ஜாப் கார்டு இல்லாத படிப்பு

முப்பத்தொன்பது வயதில் ஒரு மனிதர் மறுபடியும் காலேஜுக்குப் போகிறார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? செகந்திராபாத் பக்கத்து மல்காஜ்கிரி சும்மா இருக்கவில்லை. 1976 ஆகஸ்டில் ஒரு காலை, சைக்கிள் ஹாண்டிலில் டிபன் கேரியரும் பின்னால் இரண்டு புது நோட்டுகளுமாக தியோடர் கிளம்பியபோது, எதிர்வீட்டுக்காரர், ரயிலில் கார்டாக இருப்பவர், "என்ன சார், பொண்ணுக்கு ஸ்கூல் மாத்தறீங்களா?" என்று கேட்டார். "இல்லை, நான்தான் சேர்ந்திருக்கேன்" என்று தியோடர் சொன்னதும், மனுஷன் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலைச் சாறு பனியன் முழுக்க வழிந்தது.

சிரிக்கட்டும். சிரிக்கிறதுக்கு அதில் நிறையவே இருந்தது. டிப்ளமோ படித்துவிட்டு பட்டான்செரு பக்கம் ஒரு அரசாங்கத் தொழிற்சாலையில் சேர்ந்தவர் தியோடர். சோதனைப் பிரிவில் பதின்மூன்று வருஷம். தபால் வழியாக என்ஜினியர் பரீட்சை எழுதி, விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, எட்டாம் தடவை கரையேறியவர். அந்த வருஷம் தொழிற்சாலை ஒரு சுற்றறிக்கை விட்டது. தகுதியுள்ள ஒருவரை முழுச் சம்பளத்தோடு இரண்டு வருஷம் உலோகவியலில் எம்.இ. படிக்க அனுப்புவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை அனுப்ப வேண்டும். முன்னேற்றம் இல்லையென்றால் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார்கள். தியோடர் மனுப் போட்டார், கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் இவர் பேரைச் சொல்லி ஸ்தோத்திரம் ஏறெடுத்தார். மனைவி பேபி, மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர், அன்றைக்குப் புதுப்புடவை கட்டிக்கொண்டாள்.

பதவி உயர்வுக்காகத்தான் படிக்கப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். பேபியும் அப்படித்தான் நினைத்தாள். கண்ணாடி முன்னால் தலை வாரும்போது தியோடரும் தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டார். ஆனால் நிஜமான காரணம் அவர் கட்டிலுக்கு அடியில், தகரப் பெட்டிக்குள், பழைய வேட்டியில் சுற்றிக் கிடந்தது. அது உடைந்துபோன கிரேன் கொக்கி ஒன்றின் பாதி.

அந்தக் கதையை இப்போதே சொல்லிவிடுகிறேன், மூடி மறைக்க அதில் ஒன்றுமில்லை. தொழிற்சாலையில் பெரிய பெரிய இரும்பு வார்ப்புகளைச் சங்கிலியில் மாட்டி கிரேன் தூக்கும். சங்கிலியின் நுனியில் கொக்கி. புதிதாக வரும் ஒவ்வொரு கொக்கியையும் சோதித்து, நம்பர் போட்டு, கையெழுத்துப் போட வேண்டியது தியோடரின் வேலை. சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எண்ணெயில் முக்கி எடுத்து, நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புப் பொடி பூசி அரைமணி நேரம் வைத்தால், எங்காவது விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து கறுப்பாகக் கோடு காட்டும். 1973 டிசம்பர் இருபத்துநாலாம் தேதி நாற்பத்திரண்டு கொக்கிகள் வந்தன. முப்பத்தாறை முறைப்படி பார்த்தார். அதற்குள் நாலே கால் ஆகிவிட்டது. நாலரைக்குக் கம்பெனி பஸ். சாயங்காலம் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போகும் கூட்டத்தில் ஆர்மோனியம் அவர்தான். மீதி ஆறையும் சுத்தியலால் தட்டிச் சத்தம் மட்டும் கேட்டுவிட்டு, 'எண்ணெய்ச் சோதனை செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

ஆறே வாரம். பிப்ரவரி ஆறாம் தேதி, அந்த ஆறில் ஒன்று உடைந்தது. தூக்கிய வார்ப்பு, கீழே நின்று கை காட்டிக்கொண்டிருந்த கோவிந்தராஜன் மேல் விழுந்தது. கோவிந்தராஜன் கலாசி, பாரம் கட்டி இறக்குகிறவன். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம், லாலாகூடாவில் வீடு. விசாரணைக் கமிட்டி பதினோரு நாள் உட்கார்ந்தது. தாங்கும் அளவுக்கு மேல் பாரம் ஏற்றியது கலாசியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தது. செத்தவன் வந்து வாதாடவா போகிறான்? கமிட்டி ஒன்று எழுதினால் ஊர் இரண்டாகச் சேர்த்துக்கொள்ளும். அன்றைக்கு அவன் குடித்துவிட்டு வந்தானாம் என்று பேச்சுக் கிளம்பியது. தன் தப்பால் செத்தவன் என்பதால் அவன் மனைவி வேதாவுக்குக் கருணை அடிப்படையில் கிடைக்க வேண்டிய வேலையும் இல்லையென்று ஆயிற்று.

தியோடரைக் கமிட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. "சோதனை செய்தீர்களா?" அவர் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். வாயால் ஆமாம் என்று சொல்லவில்லை. சொல்லாதது பெரிய யோக்கியதை என்று அவர் நினைத்திருந்தால், அது அவருக்கும் கர்த்தருக்கும் உள்ள விவகாரம். கழிவுக் குவியலில் கிடந்த பாதிக் கொக்கியை ஒரு மாதம் கழித்து எடுத்துப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனையில், அப்பமும் ரசமும் வாங்க எல்லாரும் முழங்காலிடப் போகும் நேரம், தியோடருக்கு மட்டும் இருமல் வந்துவிடும். பாவத்தை மறைத்து வைத்துக்கொண்டு அதை வாங்கக்கூடாது. வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார். மனதில் ஒரே ஒரு கேள்விதான். அந்த விரிசல் நான் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு இருந்ததா, இல்லை அதற்கப்புறம் அந்த ஆறு வாரத்துக்குள் வந்ததா? அப்புறம் வந்தது என்றால், எண்ணெய் போட்டுப் பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. நான் தப்பித்தேன். முன்பே இருந்தது என்றால்? அந்த 'என்றால்' என்பதை அவர் முடிப்பதே இல்லை.

இந்தச் சுமையோடுதான் மனிதர் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். மல்காஜ்கிரியிலிருந்து லாலாகூடா வழியாக, காலேஜ் இருக்கும் தார்நாகாவுக்குப் போனால் நேர்வழி. தியோடர் மெட்டுகூடாவைச் சுற்றிக்கொண்டு போனார். வேதாவின் சந்து முனையைத் தாண்ட அவருக்குக் கால் வரவில்லை.

முதல்நாள் ஏழரை மணிக்கே துறை வாசலில் நின்றார். பதின்மூன்று வருஷம் ஆறு மணி பஸ் பிடித்த உடம்பு, அது வேறு எப்படி இருக்கும்? கதவு பூட்டியிருந்தது. ஒன்பதே முக்காலுக்குச் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்த அட்டெண்டர் கவுஸ் மியான் இவரை மேலும் கீழும் பார்த்து, "கைக்கு சாப், இத்தா ஜல்தி? நக்கோ ஆவோ. தஸ் பஜே ஆவோ" என்றார். இவ்வளவு சீக்கிரம் வந்து என்னத்தைச் செய்யப் போகிறீர், பத்து மணிக்கு வாரும் என்று அர்த்தம். தியோடர் மறுநாளும் ஏழரைக்கே வந்தார். கவுஸ் மியான் நாலாம் நாள் சாவியை இவரிடமே கொடுத்துவிட்டார்.

வகுப்பில் நுழைந்ததும் இருபத்திரண்டு வயசுப் பையன்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள், புது லெக்சரர் என்று நினைத்து. இவர் போய் அவர்கள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தபோது ஒரே சிரிப்பு. ஒரு வாரத்தில் 'ஃபோர்மன் காரு', அதாவது ஃபோர்மன் ஐயா, என்று பேர் வைத்துவிட்டார்கள். கெட்ட பையன்கள் இல்லை, டீ குடிக்கப் போகும்போது இவரையும் இழுத்துக்கொண்டுதான் போவார்கள். ஆனால் கணக்கு வகுப்பில் அவர்கள் பேனா ஓடுகிற வேகத்தில் பாதிகூட இவருடையது ஓடவில்லை. முதல் பரீட்சையில் இருபத்தைந்துக்கு ஒன்பது. அதைப் பேபியிடம் சொல்ல அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அவர் ஒருபக்கமும் பன்னிரண்டு வயது மகள் ஒருபக்கமும் நோட்டை விரித்துக்கொண்டு உட்காருவார்கள். "டாடி, மீகு கூடா ஹோம்வொர்க்கா?" என்று, உங்களுக்குமா வீட்டுப்பாடம் என்று, அது தெலுங்கில் கேட்டுச் சிரிக்கும். வீட்டில் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் வரும். தியோடரும் சிரித்துவைப்பார்.

கணக்காவது முட்டிமோதினால் வரும். வராதது வேறொன்று.

படிப்பில் பாதி வகுப்பு, பாதி சொந்த ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கு வழிகாட்டி டாக்டர் பாலச்சந்திரன். தமிழர், வயது முப்பத்தொன்று, தியோடரைவிட எட்டு வயது இளையவர். அவர் அறைக்குள் வரும்போதெல்லாம் இவர் விறைப்பாக எழுந்து நிற்பார். "உக்காருங்க மிஸ்டர் தியோடர். நீங்க எழுந்து நின்னா எனக்கே ஒரு மாதிரியா இருக்கு" என்று அந்த மனிதர் நெளிவார். முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்: "அவசரம் இல்ல. நல்லா யோசிங்க. உங்களுக்கு எது தெரிஞ்சுக்கணுமோ அதையே எடுத்துக்கலாம்."

தியோடர் இதை ஒரு மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். ஜெனரல் மானேஜர் கூடத்தான் வருஷப் பிறப்பன்று கைகுலுக்கி, "எப்ப வேணா வந்து பாருங்க" என்பார். யாராவது போய்ப் பார்ப்பார்களா? தொழிற்சாலையில் ஜாப் கார்டு இல்லாமல் ஒருத்தன் அரம் எடுத்து இரும்பைத் தொட முடியாது. மஞ்சள் அட்டை, அதில் என்ன வேலை, எந்த அளவு, எந்தத் தேதிக்குள் என்று எழுதி, மூன்று பேர் கையெழுத்து இருக்கும். அட்டை வந்தால் வேலை. வராவிட்டால் மெஷினைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியது. பதின்மூன்று வருஷத்தில் தன் இஷ்டத்துக்கு ஒரு வேலை எடுத்துச் செய்தவர் இல்லை தியோடர். ஆக, பாலச்சந்திரன் கூப்பிட்டு வேலை கொடுப்பார் என்று காத்திருந்தார்.

காத்திருந்தார் என்றால் சும்மா இல்லை. ஆய்வுக்கூடத்து மைக்ராஸ்கோப்பைக் கழற்றித் துடைத்தார். இரண்டு வருஷமாக மூடாமல் கிடந்த சின்ன உலையின் கதவைச் சரிசெய்தார். அலமாரியில் இருந்த மருந்து பாட்டில்களுக்கெல்லாம் அழகான கையெழுத்தில் சீட்டு எழுதி ஒட்டினார். பாலச்சந்திரன் போகிறபோதும் வருகிறபோதும் பார்ப்பார். வயதில் மூத்தவர், அனுபவஸ்தர், ஆழமாக யோசிக்கிறார் போலிருக்கிறது, நாம் போய்க் கிளறக்கூடாது என்று அவர் ஒதுங்கினார். இப்படி இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை கொடுத்தே நாலு மாதத்தைத் தொலைத்தார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் தொழிற்சாலையிலிருந்து தபால் வந்தது. அரையாண்டு அறிக்கைப் படிவம், ஜனவரி பதினைந்துக்குள் வழிகாட்டியின் கையெழுத்தோடு திரும்பி வர வேண்டும். பாலச்சந்திரன் தியோடரைக் கூப்பிட்டு, "என்ன எடுத்திருக்கீங்க? எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டார்.

"நீங்க இன்னும் கொடுக்கலையே சார்."

"எதை?"

"வேலையை சார்."

பாலச்சந்திரன் முதலில் சிரித்தார். தியோடர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். "ஐயோ, நாலு மாசமா நான் கொடுப்பேன்னா உக்காந்திருந்தீங்க? இங்க யாரும் கொடுக்க மாட்டாங்க மிஸ்டர் தியோடர். இந்தக் கட்டத்துல என்ன எழுதி அனுப்புவேன்? ஒண்ணும் இல்லைன்னு எழுதினா உங்களைத் திரும்பக் கூப்பிட்டுப்பாங்க." அவருக்கு நிஜமாகவே வருத்தம். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிவிட்டு, "தெரிஞ்சே ஆகணும்னு ஒரு விஷயம்கூடவா உங்க மனசுல இல்ல?" என்று கேட்டார்.

தியோடர் திங்கட்கிழமை சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு, மாதத்தின் முதல் ஞாயிறு. வழக்கம்போல இருமல் வந்து, வழக்கம்போல மரத்தடியில் நின்றார். வீட்டுக்கு வந்ததும் பேபி வாசல் கதவைச் சாத்திவிட்டு எதிரே வந்து நின்றாள். அவள் குடும்பத்துக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தும் கோபம் வந்தால் வாயில் அந்த ஊர்தான் வரும்.

"மூணு வருஷமா நானும் பாக்கேன். திருவிருந்து அன்னைக்கு மட்டும் ஒங்களுக்கு இருமல் எங்க இருந்து வருது? என்னத்த மறைக்கீய?"

"ஒண்ணும் இல்ல."

"பெட்டிக்குள்ள கெடக்க இரும்புக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?"

தியோடர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பேபி அதற்கு மேல் தோண்டவில்லை. மத்தியானம் அவள் பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போன பிறகு பெட்டியை இழுத்து வேட்டியைப் பிரித்தார். உடைந்த முகத்தில் ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் கறுப்பாகப் பிறைபோல ஒரு திட்டு. நாலு மாதம் படித்த படிப்புக்கு அந்தத் திட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தது, முழுசாகத் தெரியவில்லை. இதைத் தெரிந்துகொள்ளத்தானே வந்தோம், பிறகு எதற்கு இன்னொருத்தன் அட்டை எழுதித் தருவான் என்று காத்திருந்தோம் என்று தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

திங்கட்கிழமை கொக்கியைப் பாலச்சந்திரன் மேஜைமேல் வைத்தார். "இது ஒரு ஆளைக் கொன்னுடுச்சு சார். இதுல விரிசல் எப்ப வந்துதுன்னு தெரியணும்." தன் கையெழுத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

பாலச்சந்திரனின் முகம் மலர்ந்தது. கொக்கியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழி ஒன்று இருக்கிறது என்றார். கொக்கியைச் செய்கிறபோது இரும்பைச் செக்கச்செவேலென்று காய்ச்சி அடிப்பார்கள். அந்தச் சமயத்திலேயே விரிசல் விழுந்திருந்தால், சூட்டில் விரிசலின் ஓரத்து இரும்பு தன்னில் உள்ள கரியை, அதாவது கார்பனை, இழந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் அந்த ஓரம் வெள்ளையாகத் தெரியும். பிற்பாடு வேலைசெய்கையில் விழுந்த விரிசலுக்கு அந்த வெள்ளை ஓரம் இருக்காது. அவ்வளவுதான் சங்கதி. வெள்ளை இருந்தால் பிறவியிலேயே வந்த விரிசல், சோதனை அன்றும் இருந்தது. வெள்ளை இல்லாவிட்டால் தியோடர் தப்பித்தார்.

கொக்கியிலிருந்து விரலகலத் துண்டு அறுத்து, உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். முரட்டுத் தாள், நடுத்தாள், மெல்லிய தாள், அப்புறம் துணியில் வைத்து மெருகு. கண்ணாடிபோல ஆகும்வரை தேய்க்க வேண்டும், ஒரு கீறல் இருந்தாலும் மறுபடி முதலிலிருந்து. பையன்களுக்கு இந்த வேலையே பிடிக்காது. தியோடருக்கு இது கைவந்த வேலை, ஒரே நாளில் முடித்திருக்கலாம். அவர் பத்து நாள் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு சாயங்காலமும் இல்லாத கீறல் ஒன்றைக் கண்டுபிடித்து, "நாளைக்குப் பாக்கலாம் சார்" என்று மூடிவைத்தார். தேய்க்கும்போது உதடு முணுமுணுக்கும். வெள்ளை இருக்கக்கூடாது ஆண்டவரே, வெள்ளை இருக்கக்கூடாது. வெள்ளை இல்லையென்றால் கோவிந்தராஜன்மேல் பழி அப்படியே நின்றுவிடுமே என்ற நினைப்பு ஒருநாள் வந்தது. அப்படியும் வேண்டுதலை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும், அவர் ஒன்றும் புனிதர் இல்லை.

பதினோராம் நாள் காலை, அறைக்கு வேறு யாரும் வராத எட்டு மணிக்கு, துண்டை அமிலத்தில் முக்கிக் கழுவி, உலர்த்தி, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தார். நடுவே கறுப்பாக விரிசல். அதன் இரண்டு கரையிலும், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, பால் ஊற்றினாற்போல வெள்ளை. மேலே கீழே நகர்த்தினார். எங்கே நகர்த்தினாலும் வெள்ளை. எழுந்து வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தார். வெள்ளைதான்.

பதினொரு மணிக்குப் பாலச்சந்திரன் வந்து குனிந்து பார்த்து, "பிரமாதம்! இவ்வளவு தெளிவா நான் எந்தப் புத்தகத்துலயும் பாத்ததில்ல" என்று குதித்தார். "பொறக்கும்போதே நோயோட பொறந்த கொக்கி. இதுல பாதிப் பாரம் ஏத்தியிருந்தாலும் உடைஞ்சிருக்கும். ஆனா ஒண்ணு, இவ்வளவு பெரிய விரிசல் எண்ணெய்ச் சோதனையில தெரியாம போகவே போகாது. சோதிச்சவன் எவனோ கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கான்."

"நான்தான் சார் அது" என்றார் தியோடர்.

பாலச்சந்திரன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தியோடர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், நாற்பத்திரண்டு கொக்கி, நாலே கால் மணி, பஸ், ஆர்மோனியம் எல்லாம். கேட்டு முடித்த பிறகு பாலச்சந்திரன் மெதுவாகச் சொன்னார்: "ஆராய்ச்சிக் கட்டுரைக்கு உலோகம் போதும் சார். ஆள் பேர் தேவையில்ல. உடைந்த ஒரு கொக்கின்னு எழுதுங்க. யாரும் கேக்க மாட்டாங்க." அவர் முதல்தடவையாக இவரை 'சார்' என்று கூப்பிட்டார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. தியோடர் இரண்டு நாள் யோசித்தார். இதற்கு எவன் கார்டு எழுதித் தருவான்?

அறிக்கைப் படிவத்தில் 'இந்த அரையாண்டில் செய்த வேலை' என்ற கட்டத்தில் அவர் ஆங்கிலத்தில் நாலே நாலு வாக்கியம் எழுதினார். இன்ன நம்பர் கொக்கியின் விரிசல் அது செய்யப்பட்டபோதே உண்டானது. உடைந்ததற்குக் காரணம் அதிக பாரம் அல்ல, கலாசி கோவிந்தராஜன்மேல் எந்தத் தவறும் இல்லை. எண்ணெய்ச் சோதனை செய்திருந்தால் இந்த விரிசல் தெரிந்திருக்கும். அந்தச் சோதனையைச் செய்யாமல் செய்ததாக எழுதிக் கையெழுத்திட்டவன் நான், ஐ. தியோடர். பாலச்சந்திரன் அதைப் படித்துவிட்டுக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

தொழிற்சாலை அவருடைய சம்பள உயர்வை மூன்று வருஷம் நிறுத்தியது, படிப்பை நிறுத்தவில்லை. வேதாவுக்குக் கான்டீனில் வேலை கொடுக்க இன்னும் ஒன்றரை வருஷம் இழுத்தடித்தார்கள். தியோடர் எம்.இ. இரண்டாம் வகுப்பில் பாஸ் செய்தார், கணக்கில் மட்டும் இரண்டு தடவை விழுந்து. அதெல்லாம் பின்னால் நடந்தது. தபாலில் அறிக்கையைப் போட்டுவிட்டு வந்த அன்று அவர் பேபியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார், அழவில்லை.

"மொதல்ல ஃபாக்டரிக்கா எழுதுனீய?" என்றாள். "அந்தப் பொம்பளைக்கில்லா மொதல்ல சொல்லணும். என் மூஞ்சியப் பாத்து நிக்காதீய, போங்க."

மறுநாள் காலை தியோடர் மெட்டுகூடாவைச் சுற்றாமல் லாலாகூடாவுக்குள் சைக்கிளை விட்டார். சந்தில் மூன்றாவது வீடு. வேதா தையல் மெஷினில் இருந்தாள், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். இழவு விசாரிக்க வந்த அன்று பார்த்தது, அதற்கப்புறம் இப்போதுதான். "வாங்கண்ணா" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அவர் உட்காரவில்லை. நகல் எடுத்து வைத்திருந்த தாளைப் பிரித்து, ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னார். மெஷின் நின்றுவிட்டது.

"அப்போ அவரு அதிகப் பாரம் ஏத்தல."

"இல்லம்மா."

"குடிச்சிட்டு வரல."

"இல்லம்மா. அப்படி ஒண்ணும் கமிட்டிகூட எழுதல. அது ஊர்ப் பேச்சு."

"ஹவ், ஆமா, ஊர்ப் பேச்சுதான்" என்றாள் வேதா. நூல்கண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கடைசியில சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க."

அவர் நாலாவது வாக்கியத்தை மறுபடி சொன்னார்.

"விரிசல் எப்ப வந்துச்சுன்னு கண்டுபிடிக்க நீங்க படிக்கணும், சரி. அது எனக்குப் புரியுது. ஆனா எண்ணெய் போட்டுப் பாக்கலைங்கறது அன்னைக்கே உங்களுக்குத் தெரியும் இல்லண்ணா?"

"தெரியும்."

"அதச் சொல்ல எதுக்குண்ணா மூணு வருஷம்?"

வழி நெடுக அவர் பதில்கள் தயார்செய்துகொண்டு வந்திருந்தார். ஆதாரம் வேண்டியிருந்தது, வெறும் வாய்வார்த்தையை யார் நம்புவார்கள், டிப்ளமோக்காரன் பேச்சு எடுபடுமா என்றெல்லாம். அவள் முகத்தைப் பார்த்தபின் அதையெல்லாம் விட்டுவிட்டார்.

"பயந்தேன்மா" என்றார். "படிச்சா தப்பிக்க ஒரு வழி கிடைக்கும்னு பாத்தேன். உன் புருஷன் பேரு கெட்டுக் கிடக்குன்னு தெரிஞ்சும் அப்படித்தான் வேண்டிக்கிட்டேன்."

வெளியே தெருவில் யாரோ குழாயடியில் குடத்தை மோதிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் மடியில் இருந்ததை மெஷின்மேல் வைத்துவிட்டு எழுந்தாள், முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"ஃபாக்டரிக்கு எழுதினது ஃபாக்டரிக்கு. இந்த சந்துல பதினாலு வீடு இருக்கு. குடிகாரன்னு மொதல்ல சொன்னது எதிர்வீட்டு அம்மணி. அங்கயிருந்து ஆரம்பிக்கலாம். நான் சொன்னா நம்ப மாட்டாங்க, நீங்க சொல்லுங்க. கடைசியில சொன்ன கையெழுத்து விஷயத்தையும் சேத்துச் சொல்லுங்க. வாங்க."

தியோடர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் போனார். அம்மணியின் வீட்டுக் கதவை அவரே தட்டினார்.